ராக்கம்மாவின் முறம்

ராக்கம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கண்டி மலையில் மடுல்கெல்லப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவள். காலையில் முறத்தில் கூழாங்கற்களை மலைச்சரிவு போலப் பரப்பி, எந்த நிரை பழுத்தது, எது இன்னும் காய் என்று பார்த்துவிட்டுத்தான் புறப்படுவாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் கூடைதான் முதலில் நிரம்பியது.

ஐப்பசி மழையில், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த கீழ் லயத்தில் பேதி கண்டது. ஒன்பது நாளில் பதினேழு பேர் படுத்தார்கள், மூவர் இறந்தார்கள். கண்டி ஆஸ்பத்திரியில் நோயாளி பார்த்துப் பழகிய என்னை வரவழைத்தார்கள். கஞ்சி கொடுக்கவும் துணி அலசவுமே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

மன்னார் வழியாக நடந்து வந்த புது ஆட்கள் அதே வாரம்தான் சேர்ந்திருந்தார்கள். கங்காணி காளிமுத்து அவர்களை லயங்களுக்கு மலைத்தண்ணீர் விழும் பீலிகளை அண்டவிடாமல் பாறை ஊற்றுக்கு அனுப்பினார். அவர்களில் வேலாயி என்பவளின் சின்ன மகளும் படுத்ததும், நோயைக் கொண்டுவந்ததே புது ஆட்கள்தான், விடிந்ததும் அவர்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்றார். அந்தப் பிள்ளை ஒரு மைல்கூடத் தாங்காது என்றேன். கேட்கவில்லை.

ராக்கம்மா முறத்தோடு அவர் முன்னால் உட்கார்ந்தாள். லயத்து அறைக்கு, காம்பராவுக்கு, ஒரு கல். படுத்த ஆளுக்கு ஒரு சிவந்த பழம். கீழ் லயம் சிவந்து கிடந்தது. புது ஆட்களின் கொட்டகையை ஒட்டிய மேல் லயத்தில் ஒன்றுகூட இல்லை. கொட்டகையில் ஒன்றே ஒன்று.

"காப்பி பறிக்கிறவளுக்கு வைத்தியமும் தெரியுமோ?" என்றார் காளிமுத்து.

"வைத்தியம் தெரியாதுங்க. எந்தப் பக்கம் பழுத்திருக்குன்னு தெரியும்."

அந்த ஒற்றைப் பழத்தைப் பற்றி வேலாயியைக் கேட்டாள். பிள்ளை தாகத்தில் அழுததால், கீழ் லயத்து நல்லம்மா தன் லயத்துப் பீலித் தண்ணீரை ஒளித்துக் கொடுத்தாளாம்.

ராக்கம்மா முறத்தில் கீழ் லயத்துப் பீலி இருக்கும் இடத்துக்கு மேலே ஒரு மண்கட்டியை வைத்தாள். எருவுக்காகக் காளிமுத்து அந்த மாதம்தான் அங்கே மாட்டுத் தொழுவம் கட்டியிருந்தார்.

"நீங்க கட்டுனதுதான், அய்யா. மழைத்தண்ணி எங்க எறங்குது, பாருங்க."

காளிமுத்து இரண்டு ஆட்களைக் கூப்பிட்டுக் கீழ்ப் பீலியைப் பிடுங்கச் சொன்னார்.

அதன்பின் இருவர் படுத்தார்கள், மூன்றாமவர் இல்லை. புது ஆட்கள் போகவில்லை. வேலாயியின் மகள் ஐந்தாம் நாள் கஞ்சி போதாதென்று என்னிடம் சண்டை பிடித்தாள்.