தரையில் கிடந்த சூரியன்

இந்த நூற்றாண்டு பிறந்த புதிதில் பத்தமடையில் ஒரு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். ஒரு நாள் பகலில் சூரிய கிரகணம் வரப்போகிறது என்று தெரிந்ததும், பிள்ளைகளுக்கு அதைக் காட்டியே தீருவது என்று கிளம்பினேன். கண்ணாடித் துண்டுகளை விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பாக்கினேன். யார் எங்கே நிற்பது என்று மைதானத்தில் கோடுகூடக் கிழித்தேன்.

தலைமை ஆசிரியருக்கு இதில் இஷ்டமே இல்லை. "கிரகணத்தன்னைக்கு ஒத்தப் பிள்ள வெளிய வராது. வராட்டா, இந்த வானத்தக் காட்டுத சோலிய அன்னையோட விட்ரணும்" என்றார். நானும் வீம்புக்குச் சரி என்றுவிட்டேன்.

ஒரு பிள்ளையும் வரவில்லை. அவர் மட்டும் வந்தார். காலி மைதானத்தையும் கரி அப்பிய என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "கிரகணம் ஒங்க மூஞ்சியிலதாம்மா பிடிச்சிருக்கு!"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. பக்கத்தில் பாய் வியாபாரி ஒருவரின் ஓலைக் கொட்டகை இருந்தது. பாய் நெய்யும் பெண்கள் பிள்ளைகளை அதற்குள்தான் வைத்திருந்தார்கள். சண்டை போடவே போனேன்.

"ஏட்டி, கதவத் திறங்கட்டி!"

திறந்ததும் காலை உள்ளே வைத்தேன். ஒருத்தி அலறினாள்: "மிதிச்சிராதிய டீச்சர்! சூரியன் கெடக்கு!"

குனிந்து பார்த்தேன். கூரை ஓட்டைகள் வழியே தரையில் எப்போதும் வட்டமாக விழும் வெயில் பொட்டுகள், அன்று பிறை பிறையாகக் கிடந்தன. ஒவ்வொரு ஓட்டையும் கிரகணச் சூரியனை அப்படியே கீழே இறக்கியிருந்தது. பிள்ளைகள் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு திரிந்தார்கள். இதைப் பாடமாகவே நான் படித்திருக்கிறேன். ஆனால் ஓலைக் கூரை என் புத்தியில் ஏறவே இல்லை.

வியாபாரி சிரித்தார். "பட்டப்பகல்ல பிறை பாத்தாச்சே டீச்சரம்மா! நாளைக்குப் பெருநாள்னு சொல்லிரவா?"

ஓடிப்போய்த் தலைமை ஆசிரியரை விரட்டாத குறையாகக் கூட்டி வந்தேன். நுழைந்ததுமே அவர் வழுக்கையில் ஒரு பிறை ஏறிக்கொண்டது. கொட்டகையே சிரித்தது. அவருக்குக் காரணம் புரியவில்லை. தோள் துண்டை விரித்து, அதில் விழுந்த பிறைகள் மெல்லப் பருப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பைய என்னிடம் கேட்டார்: "அடுத்தது எப்பம்மா வரும்? இங்கனயே வச்சிருவோம்."

"கூப்பிட்டேன், யாரும் வரவில்லை" என்று யாராவது சலித்துக்கொண்டால் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீ போய்ப் பார்த்தாயா என்று கேட்டுவிடுகிறேன்.