விமானி என்று போடுங்கள்

அன்று காலை மேலூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றவன். திரையின் அடியில் ஓடும் செய்தி எனக்காக நிற்காது. முதல் சுற்றில் ‘வாடகை விமானம்’ வரை படித்தேன். அடுத்த சுற்றில் ‘மோசமான வானிலை’, ‘மலையில் மோதி’. மூன்றாவது சுற்றில் ‘விமானி பேச்சியம்மாள்’. என் தம்பி மகள். ஒரு பெயரை அவ்வளவு வேகமாக நான் அதுவரை படித்ததில்லை.

அவளை நம் தெருவில் எல்லாருக்கும் தெரியும். தம்பி குவாரியில் கல் உடைத்தும், அவள் தாய் நாற்று நட்டும் வளர்த்த பிள்ளை. விமானக் கம்பெனியில் பெயரைச் சுருக்கிக்கொள்ளச் சொன்னார்களாம். “பேச்சியம்மாள்னே இருக்கட்டும் பெரியப்பா, அவங்க நாக்கு பழகிக்கட்டும்” என்றாள். பழகிக்கொண்டார்கள்.

போன பொங்கலுக்கு வந்தபோது ஒன்று சொன்னாள். யாரோ பெரிய முதலாளியை ஏற்றிக்கொண்டு போனவள், முன்னால் மேகம் கறுத்துக் கிடந்ததைப் பார்த்துப் பாதி வழியில் திரும்பிவிட்டாளாம்.

“எறங்குனதும் அம்புட்டுத் திட்டு, பெரியப்பா.”

“நீ என்ன சொன்ன?”

“திட்டுறதுக்கு ஆள் உசுரோட இருக்காருல்ல, அது போதும்னு நின்னேன்.”

கடைசி நாளும் அவள் திரும்பத்தான் பார்த்திருக்கிறாள். உடலோடு வந்த விமானி ஒருவர் சொன்னார். மேகம் அவளை முந்திக்கொண்டது. கூடவே துணை விமானியும் மூன்று பயணிகளும் போனார்கள். அந்த நான்கு வீடுகளையும் நினைத்துக்கொள்கிறேன்.

உடல் வரவேண்டிய நாள் காலையில் தெருமுனையில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். சீருடையில் பேச்சி சிரிக்கிறாள். எல்லாரும் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுப் போனார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘விமானப் பணிப்பெண் பேச்சியம்மாள்’ என்று இருந்தது. கட்டிய கருப்பையாவைக் கூப்பிட்டேன்.

“என்ன மாப்ள, பணிப்பெண்ணுன்னு போட்டிருக்கு?”

“கடைக்காரன் போட்டது மாமா. பொம்பளப் புள்ளை, பிளேன்ல வேலைன்னு சொன்னேன்.”

“பிளேனை ஓட்டுன புள்ளைடா அது.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது. “காலையில இருந்து அம்புட்டுப் பேரு பார்த்தோம். படிக்கத் தெரிஞ்சவன் எவன் மாமா ஃபிளெக்ஸைப் படிக்கிறான்?”

“சாயங்காலம் புள்ளை வந்துரும். இதுக்குக் கீழ அது வரக் கூடாது.”

ஃபிளெக்ஸ் அடித்த மேலூர்க் கடையில் அன்று கரண்ட் இல்லை. வேறு அடிக்க வழியில்லாமல் கருப்பையா ஒரு வெள்ளை அட்டையும் கறுப்பு மையும் கொண்டுவந்தான். “தப்பைப் பிடிச்சது நீங்க, நீங்களே எழுதுங்க மாமா” என்றான். மூன்றே எழுத்து. நடு எழுத்து மட்டும் பெரிதாகிவிட்டது. அதை ஏணி போட்டு ஏறி ‘விமானப் பணிப்பெண்’ மேல் ஒட்டினார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது நம் பேச்சி விமானியாகவே தெருவுக்குள் வந்தாள்.

இன்று அவள் படத்தைத் திறந்து வைக்க வந்திருக்கும் உங்களுக்கு என்னைத் தெரியும். இன்னார் வயலில் கூலிக்கு நின்றவன் என்றுதான் அறுபது வருடம் என்னை அடையாளம் சொன்னீர்கள். அது போகட்டும். அவள் எனக்கு வேறோர் அடையாளம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதை நானே என் கையால் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாயாண்டி,
விமானி பேச்சியம்மாளின் பெரியப்பா.