என் பேரில் இருந்த இரும்பு

ஓடாத வண்டியை இரும்பு விலைக்குப் போடுவது சுலபம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆள் வருவான், எடை போடுவான், இழுத்துக்கொண்டு போவான். ஆரியசாலையில் ஆக்ரிக்கடை, அதாவது பழைய இரும்புக் கடை, வைத்திருக்கும் நாகர்கோவில்காரர் போனிலேயே அந்த நினைப்பைத் திருத்தினார்.

"முழு வண்டியா இருந்தாத்தான் சார் இந்த வெல. உள்ள வல்ல பார்ட்ஸும் கொறஞ்சிருந்தா வெலயும் கொறையும். பின்ன கொறை சொல்லப்பிடாது."

"ஒரு ஆணிகூடக் குறையாது" என்று மார்தட்டினேன்.

அந்தக் காரை வாங்கிய புதிதில் எங்கள் கரமனை அக்ரஹாரத் தெருவில் நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. தெரு அகலமே வண்டி அகலத்துக்குக் கொஞ்சம்தான் கூடுதல். அதிலும் ஹாரன் அடித்துக்கொண்டுதான் நுழைவேன். பிறகு ஒரு மழையில் கரமனை ஆறு பொங்கி வந்து இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தது. பழுது பார்ப்பதற்குள் எனக்கு வேலையும் போயிற்று. உறை போட்டு வாசலில் மூடிவைத்த வண்டியைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்வரப் பழகிக்கொண்டேன். ஊர் கேட்டால் பார்ட்ஸ் வரவில்லை என்று சொல்வேன். வேலையைப் பற்றிக் கேட்டால் வீட்டிலிருந்தே வேலை என்பேன். நானும் அம்மாவும் மட்டுமே இருக்கிற வீட்டில், உண்மை அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆர்.சி. புத்தகத்தைப் படமெடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பி, நான் எடுக்காவிட்டால் அம்மாவின் நம்பரில் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒருநாள் கூப்பிட்டுமிருக்கிறார். அம்மா என்னிடம் அதைச் சொல்லவில்லை. நானும் ஏதோ ஒரு இண்டர்வியூ முடியட்டும் என்று விற்பதைத் தள்ளிக்கொண்டே போனேன். இடையில் சில சனிக்கிழமைகள் கழிந்தன.

கடைசியில் அவர் வந்து உறையை நீக்கி பானெட்டைத் திறந்தார். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பாட்டரி இல்லை. ரேடியேட்டர் இல்லை. டைனமோ இருந்த இடத்தில் வயர்கள் தொங்கின. டிக்கியில் ஸ்டெப்னியும் இல்லை, ஜாக்கியும் இல்லை.

"இது வண்டி இல்ல சார், வெறும் கூடாக்கும்" என்றார். "பாட்டரில ஈயம் உண்டு, டைனமோல செம்பு உண்டு, ரேடியேட்டர்ல அலுமினியம் உண்டு. எங்களுக்கு லாபம் அதுலதான். பாக்கி வெறும் தகரம். சக்கரம் நாலும் கிடக்கதினால இழுக்க கிரேன் வேண்டாம், அந்த மட்டுக்கும் உங்களுக்கு மிச்சம்."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டு மாடியில் நடந்துகொண்டிருந்த கட்டட வேலை நின்றது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஆணிகூடக் குறையாது என்று சொன்ன வாய் அல்லவா! யார் மேலாவது பழியைப் போட்டாக வேண்டும். அந்த மாடியில் நின்ற கொத்தனாரைக் கீழே வா என்று கத்தினேன். தென்காசிப் பக்கத்து ஆள். என் வயதுதான் இருக்கும். கையில் சிமெண்டோடு இறங்கி வந்தார்.

"நாள் முழுக்க இங்கேயே இருக்கறவன் நீதான். பாட்டரி எங்கே? யார்கிட்ட வித்தே?"

அவர் என் பின்னால், வாசற்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் களவாண்டவன் இல்ல சார்."

"திருடன் எவன் ஒத்துண்டிருக்கான்? போலீஸைக் கூப்பிட்டால் தெரியும்" என்றேன். அதுவும் தெருவுக்கே கேட்கும்படி.

"அந்த மனுஷனை ஒண்ணும் சொல்லாதே" என்று அம்மா இறங்கி வந்தாள். "நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

"நோக்கென்ன பைத்தியமா? அதுக்கெல்லாம் என்ன விலை தெரியுமா?"

"உன் உசிரைவிடவா?"

அதற்குப் பிறகு அவள் சொன்னது இதுதான். எனக்கு வேலை போன கவலையில் என் ஜாதகத்தை ஒரு ஜோஸ்யரிடம் கொடுத்துவிட்டு, அவர் கூப்பிடுவார் என்று காத்திருந்திருக்கிறாள். அப்போதுதான் அந்தப் போன் வந்தது. பெயர் கேட்காமலேயே, சொல்லுங்கோ என்றிருக்கிறாள். "மகன் பேர்ல உள்ளது கண்டமாக்கும் அம்மே. வச்சோண்டிருந்தா நஷ்டந்தான். இரும்பு குடுக்கதுக்கு இப்போ நல்ல சமயம்" என்று மறுமுனையில் சொன்னார்கள். என் பேரில் கண்டம், சனி தோஷம், அதற்குப் பரிகாரம் இரும்பு தானம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். என் பேரில் இருந்த இரும்பு அந்த வண்டி ஒன்றுதான். யாருக்குக் கண்டமோ அவனுக்குத் தெரியக்கூடாது என்பதால் என்னிடம் மூச்சு விடவில்லை. நான் வெளியே போகிற சனிக்கிழமைகளில் கொத்தனாரைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லி, எள்ளும் நல்லெண்ணெயும் சேர்த்து அவருக்கே தானம் கொடுத்திருக்கிறாள்.

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ மாமி, அது நானாக்கும்! கண்டம்னு சொன்னா இங்கிலீஷ் 'கண்டெம்' ஆக்கும், இனி ஓடாது, பொளிச்சு இரும்புக்குப் போடத்தான் கொள்ளும்னு வண்டிக்கு எழுதித் தள்ளுகதாக்கும். உங்க மகனையா சொன்னேன்?"

அம்மாவுக்கு அது உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் அவர் அருகில் போய், "அப்போ இவனுக்கு ஒண்ணுமில்லையே? வண்டிக்குத்தானே? நிச்சயமாத் தெரியுமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கண்ணீரும் சிரிப்புமாக நின்றாள். இத்தனை நாள் சனிக்கிழமைதோறும் அவள் முழுப் பட்டினி கிடந்ததை நான் உடம்புக்கு ஆகாது என்று கேலிசெய்து வந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கொத்தனார் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பதிலாக, சுத்த அசட்டுத்தனமாக, "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்ல மாட்டேன்னு மாமிக்கு வாக்குக் குடுத்தேன் சார். எங்கூர்லயெல்லாம் சனிக்கிழமை இரும்புத் தானம் யாரும் வாங்க மாட்டாங்க. குடுக்கவங்க பீடை வாங்குறவன் தலையில ஏறிரும்பாங்க. பொண்டாட்டிகூட ஏசுனா. வீட்டுல வைக்கப் பயந்து அன்னன்னிக்கே பழைய இரும்புக் கடையில போட்டுட்டேன்."

"பின்னே ஏன் வாங்கினீர்?" என்றேன். அப்போதுதான் என் வாயில் மரியாதை வந்தது.

"பிள்ளைக்கு ஆபத்துன்னு மாமி அழுதாங்க சார். அதான், உங்களுக்கு உள்ளது எனக்கு வந்தா வந்துட்டுப் போவுதுன்னு வாங்கிக்கிட்டேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறிப் போனார்.