பள்ளத்தில் விழுந்த ஐந்து மனைகள்

தச்சநல்லூரில் மனைப்பிரிவுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பவள் நிலோஃபர். சிவில் படித்தவள், வயது முப்பத்தாறு. சிவசண்முகம் அண்ணாச்சி வாங்கிய ஒன்பது ஏக்கர் தரிசுக்குப் படம் முடித்துவிட்டாள். அதில் அவள் கையெழுத்துதான் பாக்கி. மூன்று நாளாக அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நிலத்தின் குறுக்கே வேலிக்கருவை மூடிய ஒரு பள்ளம் கிடந்தது. ஓடை என்று எந்தப் பதிவிலும் இல்லை. அதன்மேல் பதினேழு முதல் இருபத்தொன்று வரை ஐந்து மனைகளை வரைந்திருந்தாள்.

இருபத்துமூன்றாம் வருஷ வெள்ளத்தில் அவள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அம்மா கமர் நிஷாவை மாடிக்கு ஏற்றுவதற்குள் உயிர் போய் வந்தது. அந்தத் தெருவையும் யாரோ ஒருவர் வரைந்துதானே இருப்பார்?

நாலாம் நாள் நல்ல மழை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். பள்ளத்தில் முழங்காலளவு செந்தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. அண்ணாச்சியைப் போனில் கூப்பிட்டாள். குடையோடு வந்தார்.

“அண்ணாச்சி, இத மூடிட்டா தண்ணி எங்கன போவும்?”

“மண்ணடிச்சு ஒசத்திரலாம்லா?”

“ஒசத்துனா பக்கத்துத் தெருவுக்குள்ள ஏறும்.”

“நீ கையெழுத்துப் போடலேன்னா வேற ஆளு இருக்காவ.”

“இருக்காவ. நான் போட மாட்டேன்.”

அவர் குடையை மடக்கிக் காரில் ஏறினார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தாள். அப்படியும் மனசு அடங்கவில்லை. மறுநாளே வேறு படம் போட்டாள். பூங்காவுக்கு எப்படியும் இடம் விட்டாக வேண்டும்; அதை மேட்டுமூலையில் வைத்திருந்தாள். இப்போது அதைப் பள்ளத்துக்கு இறக்கி, நடுவில் ஒரு குட்டை, தண்ணீர் போக வாய்க்கால், சாலைக்கு அடியில் அகலமான சிறுபாலம் என்று வரைந்தாள். ஐந்து மனைகளில் மூன்று மேட்டுக்கு ஏறின. கூப்பிடாமலே அண்ணாச்சி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

வெகுநேரம் பார்த்தார். “ரெண்டு மனைதானா போவுது?”

“ரெண்டுதான்.”

“இத மொதல்லயே காட்டிருக்கலாம்லா, தாயி?”

அவளுக்கு முதலில் தோன்றவில்லை என்பதே உண்மை. அண்ணாச்சி பேனாவை எடுத்து நீட்டினார்.

அடுத்த ஐப்பசியில் குட்டை நிரம்பி, மிச்சத் தண்ணீர் பாலத்தடியில் பைய வடிந்தது. கட்டி முடித்த வீடுகளின் வாசல் நனையவில்லை. நிலோஃபர் நனைந்தபடி நின்று பார்த்தாள். திரும்பும் வழியில், மேற்கே அடுத்த நிலத்தில் அதே பள்ளத்தின் தொடர்ச்சியை ஜேசிபி மூடிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி, அங்கே நின்ற மேஸ்திரியிடம் நிலத்துக்காரர் பேரைக் கேட்டாள்.