குளிர்கால டயர் விற்றவன் பட்ட பாடு

முதல் பனி விழுகிற அன்று காலையில்தான் டென்மார்க் மக்களுக்குத் தங்கள் வண்டிக்கு டயர் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும். அதுவரை கடை காற்று வாங்கும். அன்று மட்டும் கதவு திறக்க முதலே வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும். எல்லாருக்கும் உடனே வேண்டும், எல்லாருக்கும் என்னைவிட அதிகம் தெரியும். கடையில் நின்று எதையாவது விற்றுப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

நான் பட்ட இடம் ஸ்கீவ நகருக்கு வெளியே இருந்த ஒரு டயர்க் கடை. யாழ்ப்பாணத்தில் இருந்து அகதியாக வந்து, டெனிஷ் வகுப்பு முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். முதலாளி பென்ட் வாயைத் திறக்காத மனிதர். அதனால் வாடிக்கையாளரோடு கதைக்கிற வேலை, மொழி அரைகுறையாகத் தெரிந்த என் தலையில் விழுந்தது. சுற்றிலும் பண்ணைகள் என்பதால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகள்தான் அதிகம் வரும்.

என் மனைவி கமலாவும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்து விசாவுக்குக் காத்திருந்தார்கள். குடும்பத்தைக் கூப்பிட எங்கள் ஆட்கள் போட்ட விண்ணப்பங்கள் எல்லாம் கிடப்பில் கிடந்த காலம் அது. அவற்றை மந்திரி ஒருவர்தான் வேண்டுமென்று நிறுத்திவைத்தார் என்பது பின்னாளில் பெரிய விவகாரமாகி டென்மார்க் அரசாங்கமே கவிழ்ந்தது. அப்போது எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. கடிதம் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

நாலும் இழுக்குமாம்

பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் தன் பிக்கப்பைக் கொண்டுவந்தார். டயர் நாலும் தேய்ந்து மொட்டையாகிக் கிடந்தன. குளிர்கால டயர் போடச் சொன்னேன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு அது எதற்கு என்று சிரித்தார். இழுக்கிறது வேறு, நிற்கிறது வேறு, பிரேக் பிடிக்கும்போது எந்த வண்டிக்கும் டயர்தான் கதி என்று கையாலும் காலாலும் விளக்கினேன். வெயில் நாட்டுக்காரன் தனக்குப் பனியைப் பற்றிப் பாடம் எடுக்கிறானாம் என்று பென்டைப் பார்த்துக் கண்ணடித்தார். பென்ட் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். எனக்காக ஒரு சொல் சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

மூன்றாம் நாள் அந்தப் பிக்கப்பை அயல் பண்ணையின் டிராக்டர் கட்டி இழுத்து வந்தது. சந்தியில் நிற்க வேண்டிய வண்டி, நிற்காமல் நேரே போய் வாய்க்காலுக்குள் இறங்கியிருக்கிறது. ஆளுக்கு ஒரு கீறலும் இல்லை. நான் முகத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டேன். அவர்தான் தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார்: "வண்டியில் ஒரு பிழையும் இல்லை, வாய்க்காலுக்குள்ளும் நாலு சக்கரமும் நன்றாகத்தான் இழுத்தது."

ஆசிரியரின் ஆராய்ச்சி

அடுத்தவர் கணித ஆசிரியர். தன் ஜீப்புக்கு எந்த டயர் நல்லது என்று முடிவெடுக்க மோட்டார் சஞ்சிகைகளில் வெட்டிய பக்கங்களைக் கோப்பில் போட்டுக் கொண்டுவந்தார். முதல் நாள் முழுக்க, ஆணி பதித்த டயரா, ஆணி இல்லாததா என்ற விசாரணை. இரண்டாம் நாள், நாலும் மாற்ற வேண்டுமா, இரண்டு போதாதா என்ற விசாரணை. இந்த மாதிரி வண்டிக்கு முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு இன்னொன்றும் போட்டால் கியர்ப்பெட்டிக்குக் கேடு என்றேன். அதை எழுதிக்கொண்டு, யார் சொன்னது என்று என் பெயரையும் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் ஒவ்வொரு டயரிலும் வெட்டியிருந்த தவாளிப்பின் ஆழத்தை அடிமட்டக் கோல் வைத்து அளந்தார். வெளியே பத்து வண்டி காத்து நிற்கிறது, இவர் அளக்கிறார்.

கடைசியில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, வண்டியைத் தூக்குகிற ஜக்கை நான் அடியில் வைத்த பிறகு, மனிதர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். வெளியே மழை பெய்து பனி கரைந்துகொண்டிருந்தது. அன்று காலைதான் எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்ற அதே ஒற்றை வரி. அந்த எரிச்சலோடு நின்ற என் தோளில் தட்டிவிட்டு ஆசிரியர் சொன்னார்: "அவசரம் ஒன்றும் இல்லை, அடுத்த குளிருக்கு விட்ட இடத்தில் இருந்து தொடங்குவோம்."

படத்துக்கு ஒரு டயர்

வெள்ளைக்காரரை மட்டும் குறை சொன்னால் அநியாயம். எங்கள் அந்தோனி அண்ணை மன்னார்க்காரர், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பழைய பெரிய ஜீப் வாங்கினார்கள். நாலு பேரின் மனைவிமாரும் பிள்ளைகளும் வந்தால் ஏற்ற இடம் வேண்டும் என்பது காரணம். ஒருவருக்கும் விசா வரவில்லை. பின் ஆசனங்கள் மட்டும் தயாராக இருந்தன.

அதற்கு ஒடுங்கின குளிர்கால டயர் எடுத்து வைத்தேன். ஒடுங்கினது பனியை வெட்டிக்கொண்டு போய் ரோட்டைப் பிடிக்கும், அகலமானது பனிக்கு மேலே மிதக்கும். அண்ணைக்கு முகம் விழுந்துவிட்டது. கடை வாசலில் காட்சிக்கு நின்ற யானைக்கால் டயர்களைக் காட்டி அதுதான் வேண்டும் என்றார். அது கடற்கரை மணலுக்கு என்று சொல்லித் தலையால் தண்ணி குடித்துப் பார்த்தேன். சரி, பூட்டிவிட்டுக் கழற்று என்றார். பூட்டினேன். அண்ணை கோட்டுப் போட்டு, சீப்பால் தலை இழுத்து, சக்கரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நாலு படம் எடுப்பித்தார். பிறகு நாலையும் கழற்றி ஒடுங்கினதைப் பூட்டினேன். அரைநாள் போனது. பென்ட் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அண்ணை அமைதியாகச் சொன்ன பதில்: "தம்பி, படம் கொழும்புக்குப் போகோணும், நான் வேலைக்குப் போகோணும். ரெண்டுக்கும் ஒரே ரயர் சரிவராது."

ஞாயிற்றுக்கிழமை

அந்தப் படம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தோனி அண்ணையின் மனைவியும் கமலாவும் ஒரே லொட்ஜ். அங்கே காத்திருந்த பெண்கள் எல்லாரும் அதைக் கைமாற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லொட்ஜ் முதலாளியின் தொலைபேசிக்கு அழைப்பேன். அன்று கமலா வழக்கமாகச் சொல்கிற மகளின் பள்ளிக்கூடக் கதையை விட்டுவிட்டு, அண்ணையின் படத்தைப் பார்த்தேன் என்றாள். அது காட்சி டயர், நான்தான் பூட்டிக் கழற்றினேன் என்று சொன்னேன். கடிதம் மேசையில் கிடக்கிறது, என் கையில் ஒன்றுமில்லை என்றும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது புளுகு மாதிரிக் கேட்டது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அவள் கேட்டது இவ்வளவுதான்: "இஞ்சாருங்கோ, அவ்வளவு பெரிய ரயர் பூட்ட ஏலுமெண்டால், எங்களைக் கூப்பிட மட்டும் ஏன் ஏலாமக் கிடக்கு?"

கோபன்ஹேகன் கனவான்

லிம்ஃபியோர்ட் என்ற கடற்கழியின் கரையில் வேட்டை வீடு வைத்திருந்த ஒருவர் கோபன்ஹேகனில் இருந்து வந்தார். புத்தம் புதிய வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும். நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டு, நாலு குளிர்கால டயர் வேண்டும் என்றார். கும்பிடலாம் போல இருந்தது. அந்த அளவு எங்களிடம் இருக்கவில்லை, எடுப்பிக்க வேண்டும். டயர் வந்ததும் அழைக்க வேலையிடத்து எண்ணைச் சொல்லத் தொடங்கினார். பாதி சொல்ல முதலே மிச்சத்தை என் கை தானாக எழுதிவிட்டது. என் விண்ணப்பம் என்ன ஆனது என்று கேட்க மாதா மாதம் நான் அழைக்கிற விசா அலுவலகத்து எண் அது.

அவர் அதைக் கவனிக்கவில்லை. குடும்பங்களைக் கூப்பிடுகிற கோப்புகள் உங்கள் மேசைக்கு வருமா என்று கேட்டேன். அது வேறு பிரிவு என்றார் மரியாதையாக. யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். அப்படியான விடயங்களுக்குக் காலம் எடுக்கும், பொறுமை வேண்டும் என்று ஆறுதலும் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கூடுதலாக எரிந்தது.

டயர் வரப் பிந்தியது. அனுப்புகிறவர்கள் இன்று நாளை என்று இழுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து அவர் நேரே வந்து நின்றார், முகம் சிவந்திருந்தது. எங்கே என்று எனக்கே தெரியாது, மன்னிக்கவும் என்றேன். வேட்டைக்காலம் போகிறது, வண்டி வீட்டில் நிற்கிறது, கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாதாம் என்று பொரிந்தார். பிறகு மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, என் முகத்தை நேரே பார்த்து, உண்மையாகவே மனம் நொந்து கேட்டார்: "ஒரு பதிலும் சொல்லாமல் ஒரு மனிதனை இரண்டு வாரம் காக்க வைக்க உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?"

அவருடைய டயர் அந்த வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது, கமலாவும் மகளும் வந்து சேர இன்னும் இரண்டு குளிர்காலம் பிடித்தது, இடையில் எனக்குப் பொறுமையைப் பற்றிப் பாடம் எடுக்காமல் டயர் வாங்கிப் போன ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை.