பெயருக்கு இடம் விட்ட பேனர்

இன்று ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி யூனிஃபார்மோடு படப்பையில் இறங்கி, மகளின் காதுகுத்துக்கு பேனர் சொல்ல ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன்.

"பஸ்ல போறவங்களும் படிக்கணும்மா. எழுத்து நல்லா தடிமனா வேணும்" என்றேன்.

டிசைன் போடும் செல்வி, "இது பாருங்கண்ணே" என்று பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தார்.

கொழுத்த எழுத்து. ஒவ்வொரு கோட்டின் முனையிலும் சின்னப் பாதம், தரையில் ஊன்றி நிற்பதுபோல.

"அந்தப் பாதம் இருக்கறதாலதான் தூரத்துலருந்து கலங்காம தெரியும்" என்றார்.

பிடித்துப்போய்விட்டது. பிறகுதான் படித்தேன்.

'கண்ணீர் அஞ்சலி.' கீழே எங்கள் கம்பெனியின் பெயர். போட்டோவுக்கு ஒரு வெள்ளைக் கட்டம். பெயர் வரும் இடத்தில் வெறும் புள்ளிகள்.

"யாரும்மா செத்தது?"

"இன்னும் யாரும் இல்லண்ணே. உங்க ஆபீஸ்காரரு ரெடி பண்ணி வெக்கச் சொன்னாரு. போன தபா பேனர் லேட்டாயிடுச்சாம்."

நான் கம்பெனியில் இரும்புத் தகடு அழுத்தும் பெரிய பிரஸ் மெஷினில் வேலை செய்கிறேன். ஆள் உள்ளே தலையை நீட்டினால் அது தானாக நிற்க வேண்டும். ஒரு வாரமாக நிற்பதில்லை. கேட்டால் சூப்பர்வைசர், "ஸ்பேர் வந்துகினே கீது, நீ ஓட்டு" என்கிறார்.

"காதுகுத்துக்கும் இதே எழுத்து போட்டுடவாண்ணே?"

மெல்லிசாக வேறு ஏதாவது போடச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என் ஐடி கார்டு போட்டோவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கட்டத்துக்கு அது நன்றாக இருக்காது. நான் சிரிக்கிற போட்டோ யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.