நல்ல தண்ணீர் என்று வந்த தாள்

யுத்தம் முடிந்த பிறகு சில வருடங்கள், புத்தளத்தில் ஓர் அலுவலகத்துக்காகக் கிணற்று நீர் மாதிரி எடுக்கும் வேலை செய்தேன். போத்தலை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொழும்பு ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் தில்லையடிக்கு அப்பால் ஒரு கிணறு என்னை நான்கு தடவை அலைய வைத்தது.

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு முஸ்லிம் பெண்ணின் வீட்டு வளவுக் கிணறு அது; ராத்தா, அதாவது அக்கா, என்றே அவரை அழைப்பேன். சுற்றியிருந்த வீடுகளும் அதில்தான் அள்ளின. மலசலகூடக் குழிகள் மிக நெருக்கம். பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம் வரவே, ராத்தாதான் முறைப்பாடு எழுதினார்.

முதல் தடவை, சிலாபம் தாண்டியதும் பஸ் பழுதாகி நின்றது. ஆய்வுகூடத்துப் பெண் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது.

"இதை எடுக்க ஏலாது," என்று போத்தலைத் திருப்பித் தள்ளினார்.

இரண்டாம் தடவை, நான் படிவம் எழுதிவிட்டுத் திரும்பினால் போத்தலில் சவர்க்கார மணம்.

"அடியில ஏதோ வெள்ளைத் தூள் கிடந்திச்சு தம்பி. நல்லாக் கழுவி வச்சிருக்கன்," என்றார் ராத்தா.

அந்தத் தூள், தண்ணீரில் குளோரின் இருந்தால் முறிப்பதற்காக ஆய்வுகூடத்தில் போட்டது. கிருமி நீக்கி மூடிய போத்தல் அது; வேறு போத்தலும் என்னிடம் இல்லை. அவரைக் கோபிக்க மனம் வரவில்லை. அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

மூன்றாம் தடவை கிணற்றடியில் மூக்கைத் துளைக்கும் மணம். சோதனை மாத்திரையைப் போட்டதும் தண்ணீர் இளஞ்சிவப்பானது.

"நேத்தே குளோரின் போட்டுட்டம். நீங்க வாறீங்க எண்டு தெரியும்தானே," என்றார் பக்கத்து வீட்டுக்காரர், பெருமையாக.

குளோரின் கிருமிகளைக் கொன்றிருக்கும்; அது தீர்ந்ததும் அவை திரும்ப வரும். மேலதிகாரிக்குப் போன் எடுத்தேன். "போனதுக்கு எடுத்துக்கொண்டு வாங்க. எத்தனை தரம்தான் போறது?" என்றார்.

எடுத்தேன். குளோரின் போடப்பட்டதைப் படிவத்தில் தெளிவாக எழுதினேன். அதை ஒருவரும் வாசிக்கவில்லை. குடிப்பதற்கு உகந்தது என்று தாள் வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கிணற்றுச் சுவரில் ஒட்டிவிட்டார். கொதிக்க வைத்துக் குடித்தவர்களும் அதை நிறுத்திவிட்டார்கள்.

"இன்னும் கொதிக்க வைங்க ராத்தா," என்றேன்.

"நல்ல தண்ணி எண்டு தாள் தந்ததும் நீங்கதானே?"

அடுத்த வாரம் அவருடைய கடைசி மகளை வயிற்றோட்டத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கேள்விப்பட்ட அன்றே படிவத்தின் பிரதியில் குளோரின் பற்றிய வரியைச் சிவப்பில் கோடிட்டு மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் அதை வாசித்து, மறுபடி மாதிரி எடுக்கக் கையெழுத்து வைக்கும்வரை எதிரே இருந்த கதிரையிலிருந்து நான் எழும்பவில்லை.

நான்காம் தடவை ஒருவருக்கும் சொல்லாமல் போனேன். போத்தலைக் கையை விட்டு வைக்கவே இல்லை. பஸ்ஸும் நிற்கவில்லை. தண்ணீரில் மலக் கிருமி இருப்பதாகத் தாள் வந்தது.

"ரெண்டுமே உங்கட தாள். எதை நம்புறது?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

நான் வாய் திறக்குமுன் ராத்தா பழைய தாளைச் சுரண்டி எடுக்கத் தொடங்கினார். பசை நன்றாகப் பிடித்திருந்தது. மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று மட்டும், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.